ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) உண்மையில் ஆடு மேய்த்தவளா?

வெண்புறா எழுதியது:

மே 30 நெருங்குகிறது. எங்கள் பங்கு மடலில் மாதம் ஒரு புனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது என் பொறுப்பு. இம்முறை, மே 30இல் திருநாள் வரும் ஜோன் ஆஃப் ஆர்க். “பிரான்சு நாட்டில் தொம்ரெமி என்ற குக்கிராமத்தில், ஏழை ஆட்டிடையர் குடும்பத்தில் பிறந்த சிறுமி” என்று தொடங்கியிருந்தேன். மடலைப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ‘ஏழை’, ‘ஆட்டிடையர்’ இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் “யார் சொன்னது?” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதில் பார்த்த படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கையில் ஒரு கோல், காலடியில் ஆட்டுக்குட்டி, வானத்தை நோக்கிய முகம். அது முழுப் பொய்யா? ஊரை விட்டுக் கிளம்பும்வரை அவள் எப்படி வாழ்ந்தாள் என்பது மட்டும் போதும். ஆங்கிலேயருக்கு எதிராக அவள் நடத்திய போரும், பிரெஞ்சு அரசனின் முடிசூட்டும், அவளை எரித்த தீக்குண்டமும் எல்லோருக்கும் தெரியும்.

பழஞ்சுவடி எழுதியது:

ஆசிரியர் சரியான இடத்தில்தான் அடித்திருக்கிறார். 600 ஆண்டுக்கு முந்தைய ஒரு குடியானவப் பெண்ணின் சிறுவயதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதே அவள் வழக்கில் சிக்கியதால்தான். அதனால் ‘யார் சொன்னது’ என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் பதில் உண்டு.

இரண்டு கட்டு ஆவணங்கள். முதலாவது, 1431இல் ரூவான் நகரில் ஆயர் பியர் கோஷோன் நடத்திய விசாரணை. அங்கே பேசுவது அவளே. கேட்பவர்கள் அவளைக் குற்றவாளியாக்கத் துடிப்பவர்கள். இரண்டாவது, அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய 1455–56இல் நடந்த மறுவிசாரணை. 1456 ஜனவரி, பிப்ரவரியில் தொம்ரெமிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் அதிகாரிகள் போய், அவளைச் சிறுவயதில் அறிந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு அவளைக் காப்பாற்றும் ஆசை. முதல் கட்டில் சூனியக்காரியைத் தேடுகிறார்கள், இரண்டாம் கட்டில் உத்தமியை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நடுவில் ஒரு பெண்பிள்ளை தெரிகிறாள்.

ஆடு விஷயம். 1431 பிப்ரவரி 22 அன்று அவள் சொன்னது: அப்பா வீட்டில் இருந்தபோது வீட்டு வேலைகளைப் பார்த்தேன், ஆடுகளோடும் மற்றக் கால்நடைகளோடும் வயலுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்கிறார்கள். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறாள்: வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு வழக்கமாகக் காவல் காத்ததில்லை, ஆனால் மேய்ச்சலுக்கும், போர்வீரர்களுக்குப் பயந்து ‘தீவு’ என்று பெயர்கொண்ட கோட்டைக்கும் ஓட்டிச் செல்ல உதவியிருக்கிறேன், மிகச் சிறு வயதில் மேய்த்தேனா என்பது நினைவில் இல்லை.

ஊர்க்காரர்கள் 1456இல் வேறு மாதிரி சொல்கிறார்கள். அப்பாவோடு ஏர் உழப் போவாள், நூல் நூற்பாள், முறை வரும்போது மாடு ஆடுகளைப் பார்த்துக்கொள்வாள் என்று. ‘முறை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர்க் கால்நடைகளை ஒரே மந்தையாக விட்டு, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து மேய்ப்பது அவர்கள் வழக்கம். ஆக, என்றைக்காவது அவள் வீட்டு முறையில் அவளும் போயிருப்பாள். அதற்காக அவள் இடைச்சி ஆகிவிட மாட்டாள்.

தறிவீடு எழுதியது:

அண்ணா, அந்தப் பிப்ரவரி 22 விசாரணையில் இன்னொரு பதில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். ஏதாவது கைத்தொழில் கற்றாயா என்று கேட்கிறார்கள். ஆம், துணி தைக்கவும் நூல் நூற்கவும் கற்றேன். நூற்பதிலும் தைப்பதிலும் ரூவான் பெண்கள் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை என்கிறாள். சுற்றிலும் லத்தீன் படித்த குருக்கள், அவர்கள் நடுவில் தனியாக நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் பதில் இது! முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெருமை அடித்துக்கொள்ள அவளுக்கு எத்தனையோ இருந்தன. ஓர்லேயான் முற்றுகையை உடைத்தவள், அரசனுக்கு முடிசூட்டப் பக்கத்தில் நின்றவள். அவள் பெருமைப்பட்டது தன் நூலைப் பற்றி.

நான் கைராட்டையும் தக்ளியும் பழகியவள். கம்பளியை நூற்கும்போது இழை ஒரே பருமனாக வர, விரல் தானாக உணர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் முடிச்சு விழும், கொஞ்சம் தளர்த்தினால் அறுந்து போகும். இது ஒரு மாதத்தில் வரும் கை இல்லை. ஏழெட்டு வயதிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பதினாறு வயதில் “யாருக்கும் சளைத்தவள் இல்லை” என்று சொல்ல முடியும். உங்கள் மடலில் படம் போடுவதாக இருந்தால் கையில் கோலைக் கொடுக்காதீர்கள், நூல் நூற்கும் கதிரைக் கொடுங்கள்.

புதுவைக்காற்று எழுதியது:

ஒரு சிறு திருத்தம், பெயரில். ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ ஆங்கிலத்தின் வழியாக வந்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் ழான் தார்க் என்றே சொல்வோம். அந்த ஒலிக்கு நம் ழகரம் கிட்டத்தட்டக் கைகொடுக்கிறது என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம். புதுச்சேரியில் தேவதூதர்களின் அன்னை ஆலயத்துக்கு எதிரே அவளுக்குச் சலவைக்கல் சிலையும் இருக்கிறது.

ஆனால் ஊரில் அவளை யாரும் ழான் என்றுகூடக் கூப்பிடவில்லை. விசாரணையின் முதல் நாள், 1431 பிப்ரவரி 21 அன்று அவளே சொன்னாள்: “என் ஊரில் என்னை ழானெத் என்பார்கள், பிரான்சுக்கு வந்த பிறகு ழான்.” ‘பிரான்சுக்கு வந்த பிறகு’! தொம்ரெமி ஆட்களுக்குப் பிரான்சு என்பது எங்கோ மேற்கே, அரசன் இருக்கும் இடம். ஊரோ மியூஸ் ஆற்றங்கரையில், பார் சீமைக்கும் ஷாம்பாஞ்சுக்கும் லொரேனுக்கும் நடுவே இடுக்கில் மாட்டிக்கொண்ட எல்லைப்புறம். ‘தார்க்’ என்ற குடும்பப் பெயரையும் அவள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் அம்மாவின் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பின்னொரு நாள் சொன்னாள். அம்மா இசபெல் ரோமே. ஆக, ஊர்க் கணக்குப்படி அவள் ழானெத் ரோமே.

வெண்புறா எழுதியது:

ழானெத்! எனக்கு இந்தப் பெயர் பிடித்துவிட்டது. சரி, ‘ஆட்டிடையர்’ போயிற்று. ‘ஏழை’யாவது மிஞ்சுமா?

பழஞ்சுவடி எழுதியது:

மிஞ்சாது. அப்பா ழாக் தார்க் ஷாம்பாஞ் பக்கத்துச் செஃபோன் என்ற ஊரிலிருந்து வந்து குடியேறியவர். அம்மா பக்கத்து ஊரான வூத்தோன். பிள்ளைகள் ஐந்து: ழாக்மேன், ழான், பியர் என்று மூன்று ஆண்கள், கத்ரீன் என்றொரு பெண், இவள். (ஓர் அண்ணன் பெயரும் ழான்தான், ஆண் ழான். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் விழுவது நம் தலையெழுத்து.)

1420இல் ழாக் தார்க்கும் இன்னொருவரும் முன்னின்று, ஊர்க்காரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நான் மேலே சொன்ன அந்தத் ‘தீவு’க் கோட்டையை ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆற்றின் நடுவே இருந்த பழைய கோட்டை, ஆள் குடியில்லை. படை வருகிறது என்று கேள்விப்பட்டால் மாடு கன்றுகளை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்தலாம். குத்தகைக்கு முன்னிற்பவன் கஞ்சிக்கு இல்லாதவனாக இருக்க முடியாது.

1423இல் அவர் ஊரின் ‘துவாயேன்’ ஆக இருந்தார். மேயர், அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்து இவர். வரி தண்டுவது, இரவுக் காவலுக்கு ஆள் வைப்பது, உத்தரவுகளை ஊருக்குச் சொல்வது அவர் வேலை. பழைய மணியக்காரர், தலையாரி அமைப்பு தெரிந்தவர்கள் ஒருமாதிரி ஊகித்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். 1427இல் ஊர் சார்பாக ஒரு வழக்குக்காக வோக்கூலர் கோட்டைத் தளபதி ரொபேர் தெ போத்ரிக்கூர் முன்னால் நின்றவரும் அவரே. அடுத்த ஆண்டு மகள் போய் நின்றதும் அதே போத்ரிக்கூர் முன்னால்தான். அந்தப் பெயர் அவள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் புழங்கிய பெயர்.

வரலாற்றாசிரியர்கள் சிலர் குடும்பத்துக்கு 20 ஹெக்டேர் நிலம் என்று எழுதுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் வாய்மொழியை வைத்துச் சொன்ன கணக்கு. மடலில் போட வேண்டாம், ஆசிரியர் மறுபடி சிவப்பு மையை எடுப்பார்.

ஊர்சுற்றி எழுதியது:

சில ஆண்டுகளுக்கு முன் தொம்ரெமிக்குப் போயிருக்கிறேன். இப்போது ஊரின் பெயரே தொம்ரெமி-லா-புசேல், ‘கன்னியின் தொம்ரெமி’. அவள் வீடு என்று காட்டுவது கல் வீடு. கூரை இரண்டு பக்கமும் சரியாமல் ஒரே பக்கமாகச் சரிகிறது. பார்த்தால் பாதி வீட்டை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போனது போல இருக்கும். 1818இல் வோஜ் மாவட்ட நிர்வாகம் வாங்கியதால் பிழைத்தது. அவள் அறை என்று சொல்லும் அறை இருட்டு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான்.

என்னை உறைய வைத்தது வீடு இல்லை, தூரம். வீட்டுத் தோட்டத்திலிருந்து புனித ரெமி கோயில் கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம். மணி அடித்தால் வீட்டுச் சுவர் அதிரும். தோட்டத்தில் நின்றபோது வலப்பக்கத்தில் கோயிலிலிருந்து குரல் வந்தது என்று அவள் சொன்னாளே, அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் அந்த வாக்கியம் வெறும் நில அடையாளமாகிவிடுகிறது.

நாடித்துடிப்பு எழுதியது:

குரல் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். பக்தர்கள் மனம் வருந்த வேண்டாம். நான் மருத்துவன். பதின்மூன்று வயது, கோடைக்காலம், நண்பகல், ஒரு பக்கமிருந்து குரல், கூடவே ஒளி, முதல் தடவை பெரும் பயம். மணி ஓசை கேட்கும்போது குரல்கள் வந்ததாகவும் அவளே சொல்லியிருக்கிறாள். ஒலியோடு தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய் என்று நரம்பியல் மருத்துவர்கள் ஊகித்திருக்கிறார்கள். மாட்டுப்பாலின் வழியாக வரும் காசநோய் மூளையைத் தொட்டது என்று இன்னொரு தரப்பு. அதிதூதர் மிக்கேல் வந்தார், புனித கத்ரீனும் மர்கரீத்தும் வந்தார்கள் என்று மடலில் அப்படியே எழுதிவிட்டால் போதுமா?

பழஞ்சுவடி எழுதியது:

மருத்துவரே, நோயாளி எங்கே? உடல் எரிந்து சாம்பல் செய்ன் ஆற்றில் கரைந்துவிட்டது. கையில் இருப்பது, பிரெஞ்சில் பேசியதைக் குறிப்பெடுத்து, பின்பு லத்தீனில் மாற்றிய காகிதம். அதை வைத்து மருந்துச் சீட்டு எழுதுகிறீர்கள். ஊகம் பிழை என்று சொல்லவில்லை, நிரூபிக்க வழி இல்லை என்கிறேன்.

இன்னொன்று. அவளை விசாரித்தவர்களில் ஒருவருக்குக்கூட ‘குரல் கேட்டதா’ என்பதில் ஐயம் இல்லை. யாருடைய குரல் என்பதுதான் அவர்கள் சண்டை, கடவுளுடையதா, பேயுடையதா. அந்தக் காலத்தில் குரல் கேட்டவர்கள் பலர். குரல் கேட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்காமல் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவள் இவள். பங்குக் குருவிடமும் சொல்லவில்லை, அம்மா அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆங்கிலேயர் பக்கம் நின்ற பர்கண்டியர்கள் தடுத்துவிடுவார்கள், அப்பா தடுத்துவிடுவார் என்ற பயம் என்று பின்னாளில் காரணம் சொன்னாள். எனக்குக் குரலைவிட அந்த மௌனம் பெரிதாகப் படுகிறது.

நாடித்துடிப்பு எழுதியது:

மௌனம் பற்றிச் சொன்னது நியாயம். வலிப்பு நோயாளி இவ்வளவு திட்டமிட்டு மறைப்பது கடினம் என்று என் பக்கத்து வாதத்தை நானே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். முழுதாக விடவில்லை.

கற்பூரம் எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். புனிதையை ‘அவள்’, ‘இவள்’ என்று எழுதுவது உறுத்துகிறது. 1920 மே 16 அன்று திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் புனிதர் பட்டம் கொடுத்தவர்.

தறிவீடு எழுதியது:

பட்டம் 1920இல், அக்கா. நாம் பேசுவது 1425இல் கூடத்தில் நூல் நூற்றுக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றி. அவளை ‘அவர்’ என்றால் அவளே யாரோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

வெண்புறா எழுதியது:

சண்டை வேண்டாம். மடலில் ‘அவர்’, இங்கே ‘அவள்’. எனக்கு ஒரு சந்தேகம்: பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசன், போர் எல்லாம் எப்படித் தெரியும்? போர் அங்கே நடக்கவில்லையே?

ஊர்சுற்றி எழுதியது:

பெரும்போர் நடக்கவில்லை, அதன் அழுக்கு முழுவதும் அங்கே வந்தது. 1420இல் துருவா ஒப்பந்தம்: பிரெஞ்சு அரசனின் மகனை ஒதுக்கிவிட்டு, ஆங்கில அரசனுக்கே வாரிசுரிமை. பர்கண்டி பிரபு ஆங்கிலேயர் பக்கம். தொம்ரெமி ஒதுக்கப்பட்ட இளவரசர் சார்லஸின் பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாக்சே ஊர் பர்கண்டி பக்கம். இரண்டு ஊர்ப் பையன்களும் கல்லும் கம்புமாக மோதிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காயத்தோடு ரத்தம் வழியத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன் என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னாள். நாட்டு அரசியல் அவளுக்கு வந்து சேர்ந்தது உடைந்த மண்டைகளாக.

பழஞ்சுவடி எழுதியது:

கால்நடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1425 வாக்கில் ஒரு கொள்ளைக் கூட்டம் தொம்ரெமி, கிரோ இரண்டு ஊர்களின் மாடுகளையும் மொத்தமாக ஓட்டிச் சென்றுவிட்டது. அந்த ஊர்களின் நிலவுடைமைச் சீமாட்டி தன் உறவினரான வோதேமோன் பிரபுவிடம் முறையிட, அவர் ஆள் அனுப்பி மீட்டுக் கொடுத்தார். அவளுக்கு முதல் குரல் கேட்டதும் ஏறக்குறைய அதே காலம். இரண்டையும் முடிச்சுப் போடுவது உங்கள் விருப்பம்.

1428 ஜூலையில் பர்கண்டிப் படை வோக்கூலரை நோக்கி வந்தபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டு, மாடுகளையும் ஓட்டிக்கொண்டு, மதில் சூழ்ந்த நெஃப்ஷாத்தோ நகருக்கு ஓடியது. அங்கே ‘செம்பட்டை முடிக்காரி’ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு பெண்ணின் வீட்டில் தங்கினார்கள். அவள் நடத்தியது சத்திரம். இதைப் பிடித்துக்கொண்டு ரூவான் நீதிபதிகள் இவளைச் சத்திரத்து வேலைக்காரி ஆக்கப் பார்த்தார்கள். பதினைந்து நாள் இருந்தோம் என்றாள் இவள். நான்கு நாள்தான், அதுவும் அப்பா அம்மாவோடுதான் என்றார்கள் சில ஊர்க்காரர்கள். திரும்பி வந்தபோது ஊர்க் கோயில் எரிந்து கிடந்தது. கொஞ்ச காலம் பக்கத்துக் கிரோவுக்குப் போய்த்தான் பூசை கண்டாள்.

புதுவைக்காற்று எழுதியது:

தொம்ரெமியிலும் ஒரே ஒரு பர்கண்டிக்காரன் இருந்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். “அவன் தலை வெட்டுப்பட்டால் தேவலை என்று நினைத்தேன், அதுவும் கடவுளுக்கு விருப்பமானால்” என்று. புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்!

அந்த ஆள் எபினாலைச் சேர்ந்த ழெரார்தேன் என்பது பெரும்பாலும் சரியான ஊகம். வேடிக்கை என்னவென்றால் அவர் பிள்ளைக்கு இவள்தான் ஞானத்தாய். 1456இல் அவரே வந்து சாட்சி சொன்னார். ஊரை விட்டுப் போகும் முன் இவள் தன்னிடம், “நீர் பர்கண்டிக்காரராக இல்லாவிட்டால் உம்மிடம் ஒன்று சொல்வேன்” என்றாளாம். எவனையோ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். அடுத்த ஆண்டு அரசனின் படையோடு ஷாலோன் நகரில் அவளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்திருக்கும்.

கற்பூரம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் அவரை வெறும் கிராமத்துப் பெண் ஆக்கிவிட்டீர்கள். பக்தி எங்கே? அதையும் யாராவது சொல்லுங்கள்.

தறிவீடு எழுதியது:

அதற்குத்தான் சாட்சிகள் நிறைய. கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, விசுவாசப் பிரமாணம் மூன்றையும் அம்மாவிடம் கற்றாள். என் நம்பிக்கையை வேறு யாரிடமும் கற்கவில்லை என்று அவளே சொன்னாள். சனிக்கிழமைகளில் மேட்டின் மேலிருந்த பெர்மோன் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு போவாள். ஊரில் தங்க இடமில்லாத ஏழை யாராவது வந்தால் தன் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் படுத்துக்கொள்வாள் என்று ஒரு பெண்ணின் சாட்சி. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது வந்து பார்த்துக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அடிக்கடி கோயிலுக்குப் போகிறாயே என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அவளுக்கு வெட்கமாகப் போய்விடும் என்று தோழி ஒவியெத் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பிடித்தது மணியடிப்பவர் பெரேன் சொன்னது. இரவுச் செபத்துக்கு அவர் சில நாள் மணியடிக்க மறந்துவிடுவார். அவள் போய்க் கடிந்துகொள்வாள். ஒழுங்காக அடித்தால் கம்பளி நூல் தருகிறேன் என்று ஆசையும் காட்டுவாள். லஞ்சம்! அதுவும் தன் கையால் நூற்றது!

பழஞ்சுவடி எழுதியது:

கம்பளி நூலா என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிறகு வருகிறேன்.

கற்பூரம் அம்மா கேட்ட பக்தியின் மறுபக்கம் அந்த மரம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பீச் (beech) மரம், பக்கத்தில் ஓர் ஊற்று. ‘சீமாட்டிகள் மரம்’ என்றும் ‘தேவதைகள் மரம்’ என்றும் பெயர். காய்ச்சல் கண்டவர்கள் ஊற்று நீரைக் குடிப்பார்கள். தவக்காலத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமை, ‘ஊற்று ஞாயிறு’, பிள்ளைகள் ரொட்டி கட்டிக்கொண்டு போய் அங்கே சாப்பிட்டு, ஆடிப் பாடி, மாலை தொடுத்துக் கிளைகளில் தொங்கவிட்டுத் திரும்புவார்கள். இவளும் போனாள். மரம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ழெரார்தேனே சாட்சி: லில்லிப் பூப்போல அழகு, கிளைகள் தரையைத் தொடும்.

ரூவானில் இந்த மரத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தேவதைகளைப் பார்த்தாயா, மரத்தடியில்தான் குரல் வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேள்வி. அவள் பதில் நிதானம்: மாலை தொடுத்தேன், விவரம் தெரிந்த பிறகு அங்கே ஆடியதாக நினைவில்லை, பிள்ளைகளோடு ஆடியிருக்கலாம், ஆடியதைவிடப் பாடியது அதிகம், தேவதைகளைப் பார்த்ததாக ஞானத்தாய் ஒருத்தி சொன்னாள், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

25 ஆண்டு கழித்து மறுவிசாரணையில் ஊர்க்காரர்களிடமும் இதே கேள்வி. பெயாத்ரீஸ் என்ற கிழவி, அவளும் ஞானத்தாய்களில் ஒருத்தி, சொன்ன பதில்: ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய நாள் சிலுவைகளை வயல்வெளியில் சுற்றிக்கொண்டு வரும்போது குருவானவர் அந்த மரத்தடியிலும் நற்செய்தி வாசிப்பார். அதை வாசிக்க ஆரம்பித்த பிறகு தேவதைகள் வருவதில்லை என்பது ஊர்ப்பேச்சு. தேவதைகளே இல்லை என்று அந்தப் பேச்சு சொல்லவில்லை, வருவதில்லை, அவ்வளவுதான்.

வெண்புறா எழுதியது:

இந்தப் பெயாத்ரீஸ் பாட்டிக்காகவே தனி மடல் போடலாம். வீட்டில் கல்யாணப் பேச்சு எதுவும் இல்லையா? பதினாறு வயது ஆகிவிட்டதே.

புதுவைக்காற்று எழுதியது:

பேச்சு என்ன, வழக்கே நடந்தது. என்னைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாள் என்று ஓர் இளைஞன் தூல் நகர ஆயர் நீதிமன்றத்துக்கு இழுத்தான். யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று அங்கே நீதிபதி முன் சத்தியம் செய்து ஜெயித்து வந்தாள். இந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தேன் என்றாள் பின்பு. அதை வைத்துப் பார்த்தால் சம்பந்தம் பேசியது பெற்றோர்தான் என்று படுகிறது.

ஏன் அவசரம் என்பதற்கும் தடயம் உண்டு. அப்பா ஒரு கனவு கண்டார்: மகள் படைவீரர்களோடு போய்விடுவது போல. அம்மா அதை அவளிடம் சொல்லியிருக்கிறாள். “அப்படி நடக்கும் என்று நான் நம்பினால் அவளை ஆற்றில் மூழ்கடியுங்கள் என்பேன், நீங்கள் செய்யாவிட்டால் நானே செய்வேன்” என்று அண்ணன்களிடம் அப்பா சொன்னாராம். அந்தக் காலத்தில் படைவீரர்களோடு போகும் பெண் என்றால் ஒரே அர்த்தம்தான். கனவு கண்டவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. 1429 ஜூலையில் ரேம்ஸில் முடிசூட்டு விழா நடந்தபோது அவர் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தார். செலவை நகரமே கொடுத்தது. அப்பாவும் மகளும் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதிவைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஊர்சுற்றி எழுதியது:

கிளம்பிய கதையையும் முடித்துவிடலாம். அம்மா வழியில் ஓர் அக்காவின் கணவர் துரான் லக்சார். வயதில் மூத்தவர், அதனால் இவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வோக்கூலருக்குப் பக்கத்தில் வீடு. 1428 மே மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு போத்ரிக்கூரைப் பார்த்தாள். இவளை இரண்டு அறை அறைந்து அப்பா வீட்டில் கொண்டுபோய் விடு என்று அவர் துரானிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த குளிர்காலத்தில் துரானின் மனைவிக்குப் பேறுகாலம். உதவிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அதுதான் ஊரை விட்டுப் போனது. வோக்கூலரில் ஹென்றி என்பவர் வீட்டில் தங்கி, அவர் மனைவி கத்ரீனோடு உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டே போத்ரிக்கூரின் பதிலுக்குக் காத்திருந்தாள். தறிவீடு அக்காவுக்காக இதைச் சொல்கிறேன். 1429 பிப்ரவரியில் ஆண் உடையில், ஆறு ஆட்களோடு குதிரையில், இளவரசர் சார்லஸ் இருந்த ஷினோனுக்குக் கிளம்பினாள். குதிரைக்கு துரான் பணம் கொடுத்தார். 11 நாள் பயணம்.

தறிவீடு எழுதியது:

அந்த ஊரில் அவள் தோழிகள் இரண்டு பேர், ஒவியெத்தும் மாங்ழெத்தும். மாங்ழெத் வீட்டு வழியாகப் போகும்போது நின்று, கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று விடைசொல்லிவிட்டுப் போனாள். ஒவியெத்திடம் சொல்லவே இல்லை. இருவரும் ஒரே படுக்கையில் படுத்துத் தூங்கிய நாட்கள் உண்டு. “அவள் போனது எனக்குத் தெரியவில்லை, மிகவும் அழுதேன்” என்று ஒவியெத் நாற்பத்தைந்து வயதில், குமாஸ்தா முன்னால் சொல்கிறாள். யாரிடம் சொன்னால் கிளம்ப முடியாமல் போகுமோ அவளிடம் சொல்லாமல் போயிருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெண்புறா எழுதியது:

முதல் வரியை மாற்றிவிட்டேன்: “மியூஸ் ஆற்றங்கரையில் தொம்ரெமி என்ற எல்லைப்புற ஊரில், வசதியான குடியானவக் குடும்பத்தில், 1412 வாக்கில் பிறந்தவர், நூல் நூற்பதில் வல்லவர்.” ஆசிரியர் ‘வாக்கில்’ என்ற சொல்லின் அடியில் கோடு போட்டு ஒரு சரி போட்டிருக்கிறார். ஜனவரி 6 என்று தேதி போட்டிருந்தேன், அதை நானே எடுத்துவிட்டேன்.

பழஞ்சுவடி எழுதியது:

நல்லவேளை. தனக்கு ஏறக்குறைய 19 வயது என்றுதான் அவளே சொன்னாள். ஜனவரி 6, அன்றிரவு கோழிகள் கூவின என்பதெல்லாம் 1429இல் அரண்மனை ஆள் ஒருவர் மிலான் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அவள் மேய்த்த மந்தையில் ஓர் ஆடும் தொலையவில்லை, ஓநாயும் தொடவில்லை என்ற கதையும் அதே கடிதத்தில்தான். உங்கள் மறைக்கல்விப் படத்துக்கு அவரும் ஒரு மூலவர்.

கம்பளி பாக்கி. மணியடிப்பவருக்குத் தருவதாகச் சொன்ன பொருளைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் ஓர் எழுத்தை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் இன்னொரு மாதிரியும் வாசிக்கிறார்கள். ஒரு வாசிப்பில் அது கம்பளி. மற்றதில் பிறை வடிவப் பணியாரம்.

தறிவீடு எழுதியது:

கம்பளி. மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

நாடித்துடிப்பு எழுதியது:

இரவு மணிக்குக் குளிரில் எழுந்து போகும் ஆளுக்கு எதைக் கொடுத்தால் மறக்காமல் எழுந்து போவான் என்று யோசித்துப் பாருங்கள். பணியாரம்.